திருகோணமலையில் ஒரு கடையும் சம வாய்ப்பும்: டியூட்டி அட்டவணையில் தொடங்குங்கள்

கேள்வி கேட்டவர் சொன்னது இவ்வளவு: திருகோணமலை நகரில் ஆடைகளும் வீட்டுப் பாவனைப் பொருட்களும் விற்கும் இரண்டு மாடிக் கடை, 22 பேர் வேலை செய்கிறார்கள், தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று பகுதியினரும் இருக்கிறார்கள். அவர் அண்மையில்தான் மேலாளர் பொறுப்பை எடுத்திருக்கிறார். "எங்கட கடையில எல்லாரும் சமம் எண்டு ஒரு திட்டம் எழுதித் தாங்க" என்று முதலாளி கேட்டிருக்கிறார். பன்முகத்தன்மையை வளர்க்கவும் சம வாய்ப்புக் கொடுக்கவும் என்ன செய்யலாம் என்பது கேள்வி. கடைசியில் இரண்டு வரி சேர்த்திருக்கிறார்: யாருக்கு எதைக் கொடுத்தாலும் தன் ஆட்களுக்குக் கொடுத்ததாகப் பேச்சு வருகிறது, அத்தோடு முதலாளியின் மைத்துனர்தான் ஸ்டோருக்குப் பொறுப்பு, அவரை என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்கு இந்தக் கடைசி இரண்டு வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. திட்டம் எழுதுவது பெரிய வேலை இல்லை. எடுக்கிற முடிவு நியாயமானது என்று 22 பேரும் நம்பும்படி எப்படி எடுப்பது என்பதைத்தான் அவர் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் சில்லறை வியாபாரத்தில் ஊழியர் நிர்வாகம் பார்த்தவள். கொழும்பில் தொடங்கி, பிறகு நீண்ட காலம் கிழக்கு மாகாணக் கிளைகளில் வேலை. இப்போது உவர்மலையில் இருந்துகொண்டு சிறிய கடைகளுக்கு நியமனக் கடிதம், சம்பளப் பதிவு, லீவுப் பதிவு போன்றவற்றைச் சீர் செய்து கொடுக்கிறேன். சட்டத்தரணி அல்ல. சட்டம் பற்றிச் சொல்லும் இடங்களில் ஒரு மேலாளர் தெரிந்து வைத்திருக்க வேண்டிய அளவுக்குத்தான் சொல்வேன். வழக்கு என்று வந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவையோ ஒரு சட்டத்தரணியையோ பாருங்கள்.

எங்கள் ஊர்க் கடைகளில் "இந்த ஆட்களை எடுக்க மாட்டோம்", "அந்த ஆட்களுக்குப் பதவி உயர்வு இல்லை" என்று யாரும் எழுதி வைப்பதில்லை. பெரும்பாலான முதலாளிமார் அப்படி நினைப்பதும் இல்லை. ஆனாலும் ஐந்தாறு வருடம் கழித்துப் பார்த்தால் கேஷில் ஒரு பகுதியினர், ஸ்டோரில் மூட்டை இறக்க இன்னொரு பகுதியினர், மேற்பார்வையாளர்கள் எல்லாரும் ஒரே ஊர்க்காரர் என்று ஆகியிருக்கும். யாரும் வேண்டுமென்று செய்யாமலே இப்படி ஆகிவிடுகிறது. எங்கே ஆகிறது என்றால், வாராவாரம் சுவரில் ஒட்டுகிற டியூட்டி அட்டவணையில்.

நான் கிட்ட இருந்து பார்த்த ஒரு கடையைச் சொல்கிறேன். புடவைப் பகுதியில் கிண்ணியாவிலிருந்து வரும் இரண்டு பெண்பிள்ளைகள். கெட்டிக்காரிகள். கல்யாணப் புடவை கேட்டு ஒரு குடும்பம் வந்தால், மணப்பெண்ணைப் பார்க்காமல் மாமியாரின் கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து அந்தக் கட்டை எடுத்து விரிப்பார்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு பாதைக்கு, அதாவது ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் படகுக்கு, காத்து நிற்கும் கஷ்டம் போய்விட்டது. ஆனாலும் இருட்டுவதற்கு முன் பஸ் பிடித்தாக வேண்டும், வீட்டில் தேடுவார்கள். அதனால் அவர்களுக்கு எப்போதும் காலை டியூட்டி. இரக்கத்தோடு செய்த ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கடையில் மேற்பார்வையாளர் ஆவதற்கு இரவுக் கணக்கு முடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். லாச்சியில் உள்ள காசை எண்ணுவது, கார்டுத் துண்டுகளைக் கூட்டுவது, பில் மொத்தத்தோடு ஒப்பிடுவது, வித்தியாசம் வந்தால் காரணத்தோடு எழுதி வைப்பது. இரவு நிற்காதவர் இதைப் பழகும் வழியே இல்லை. ஆக, அந்தக் கடையில் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்த எந்தப் பெண்ணும் ஒருநாளும் மேற்பார்வையாளர் ஆகப் போவதில்லை. அப்படி யாரும் முடிவெடுக்கவில்லை, பஸ் நேரம் எடுத்துவிட்டது.

இதற்கு நாங்கள் கண்ட வழி பெரிய செலவுள்ளது இல்லை. முதல்நாள் இரவுக் கணக்கை மறுநாள் காலை கடை திறக்கும்போது இன்னொருவர் மறுபடி எண்ணிச் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு வேலையைப் புதிதாக வைத்தோம். அதே எண்ணிக்கை, அதே கணக்கு, நேரம் மட்டும் வேறு. அந்த வேலையைச் செய்தவர்களையும் பதவி உயர்வுக்குத் தகுதியானவர்களாக எடுத்தோம். முதலாளிக்கும் இது பிடித்துப் போனது, ஏனென்றால் காசை இரண்டு பேர் தனித்தனியே எண்ணும்போது குளறுபடி குறைகிறது. அந்தப் புடவைப் பகுதிப் பிள்ளைகளில் ஒருவர் பிறகு முதல் மாடிக்குப் பொறுப்பானார்.

உங்கள் கடையில் இப்படி எது எங்கே ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீங்கள்தான் தேட வேண்டும். கடந்த மூன்று மாத டியூட்டி அட்டவணைகளை எடுத்து மேசையில் பரப்புங்கள். யார் எத்தனை நாள் கேஷில் இருந்தார்கள், யார் ஸ்டோரில், யார் இரவு மூடினார்கள், ஓவர்டைம் யாருக்குப் போனது, பெருநாளுக்கு முதல் நாட்களில் யார் நின்றார்கள் என்று பெயர் வாரியாக எண்ணுங்கள். அப்புறம் அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் ஆணா பெண்ணா, எந்த ஊர், எந்த மொழி, எத்தனை வருடச் சேவை என்று எழுதிப் பாருங்கள். இந்தத் தாளை யாருக்கும் காட்ட வேண்டாம், உங்கள் கண்ணுக்கு மட்டும். ஓவர்டைமை விடாமல் பாருங்கள். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி வேலை. அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு. அடிப்படைச் சம்பளம் ஒன்றாக இருந்தும் கைக்கு வருகிற காசில் பெரிய வித்தியாசம் இருந்தால், காரணம் பெரும்பாலும் ஓவர்டைம் யாருக்குக் கிடைத்தது என்பதுதான். தன் ஆட்களுக்குக் கொடுக்கிறார் என்ற பேச்சும் அங்கேதான் பிறக்கிறது.

அடுத்தது மொழி. திருகோணமலை மாவட்டத்தில் 2012 கணக்கெடுப்பின்படி பத்தில் நான்கு பேர் அளவில் முஸ்லிம்கள், மூன்று பேர் அளவில் தமிழர், மீதி பெரும்பாலும் சிங்களவர். கந்தளாய், சேருவிலப் பக்கத்துச் சனமும் நகரத்துக்குத்தான் சாமான் வாங்க வருகிறது. மே மாதம் தொடங்கி நிலாவெளி, உப்புவெளி சீசன் நேரத்தில் தெற்கிலிருந்து வரும் குடும்பங்கள் வேறு. அதனால் கவுண்டரில் சிங்களம் தேவை என்பது உண்மையான தேவை, அதைக் குறை சொல்ல மாட்டேன். பிழை எங்கே வருகிறதென்றால், "மூன்று மொழியும் தெரிந்திருக்க வேண்டும்" என்று எல்லா வேலைக்கும் ஒரே நிபந்தனை போடும்போது. பொதி கட்டுகிறவருக்கும் தட்டு அடுக்குகிறவருக்கும் அது எதற்கு? அந்த ஒரு வரியால் மூதூரிலோ ஈச்சிலம்பற்றிலோ தமிழ் மட்டும் படித்த பிள்ளை விண்ணப்பமே போடாது. கந்தளாயிலிருந்து சிங்களம் மட்டும் தெரிந்த பிள்ளையும் போடாது. ஒவ்வொரு ஆளுக்கும் மூன்று மொழி தேவையில்லை, ஒவ்வொரு ஷிப்டிலும் மூன்று மொழியும் இருந்தால் போதும்.

சிங்களம் தெரியாததால் கேஷுக்குப் போக முடியாதவர்களைப் பழக்கலாம். கேஷில் தேவைப்படுவது கொஞ்சம்தான்: இலக்கங்கள், விலை, அளவு, நிறம், "மாற்றித் தரலாம்", "பில்லைக் கொண்டு வாருங்கள்". காலையில் கடை திறக்க முன் கால் மணி நேரம், சிங்களப் பிள்ளை தமிழ்ப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதும் தமிழ்ப் பிள்ளை சிங்களப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதுமாக வைத்தால் சில மாதங்களில் கவுண்டரில் நிற்கலாம். அந்தக் கால் மணி நேரம் சம்பள நேரத்துக்குள் வர வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வாரத்தில் நின்றுவிடும். நான் செய்து பார்த்தவற்றில் ஊழியர்களை ஒருவரோடு ஒருவர் நெருங்க வைத்தது இந்த ஏற்பாடுதான். எத்தனையோ பயிற்சி வகுப்பு செய்யாததை இது செய்தது.

லீவு விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் கசப்பு அதிகம் வருவது இதில்தான். ஆடைக்கடைக்கு எது உச்ச வியாபார நாளோ, அதுதான் ஊழியருக்கு வீட்டில் இருக்க வேண்டிய நாள். தீபாவளிக்கு முதல்நாள் இரவு வரை கடை நிரம்பி வழியும், அன்றுதான் ஒரு தாய் வீட்டில் பலகாரம் சுட வேண்டும். நோன்பின் கடைசி நாட்களும் அப்படித்தான். பல கடைகளில் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது: தீபாவளிக்கு முஸ்லிம் பிள்ளைகள் நிற்பார்கள், பெருநாளுக்குத் தமிழ்ப் பிள்ளைகள் நிற்பார்கள், வெசாக்குக்கு இருவரும். நல்ல வழக்கம், இதை நான் மதிக்கிறேன். ஆனால் கேட்டுச் செய்ய வேண்டும். "நீ முஸ்லிம்தானே, உனக்கு என்ன தீபாவளி" என்று தானாகவே பெயரைப் போடக் கூடாது. எண்ணிக்கையில் குறைந்த பகுதியினர்தான் இதில் அதிகம் அடிபடுவார்கள். 22 பேரில் 3 கிறிஸ்தவர்கள் இருந்தால் மற்ற எல்லாப் பெருநாளுக்கும் அந்த மூவரும் நின்று, நத்தாருக்கு அவர்களுக்கு லீவு கேட்கவும் வாய் வராது.

வருடத் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தனக்கு முக்கியமான நாட்களில் சிலவற்றைக் குறித்துத் தரட்டும், அது கோணேசர் கோவில் தேராகவும் இருக்கலாம், பிள்ளையின் பிறந்தநாளாகவும் இருக்கலாம். அவற்றில் குறைந்தது இத்தனை நாள் உறுதி என்று கடை எழுத்தில் சொல்லட்டும். பௌர்ணமிப் போயா தினத்தில் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு சம்பளம் என்பது சட்டம், அது பௌத்தருக்கு மட்டுமானது இல்லை, எல்லா ஊழியருக்கும்தான். இதைத் தெரியாத கடைப் பிள்ளைகள் நிறையப் பேர். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகிறவர்களின் நேரத்தை மதிய இடைவேளையோடு சேர்த்து அட்டவணையிலேயே போட்டுவிடுங்கள். ஒவ்வொரு வாரமும் வந்து அனுமதி கேட்டு நிற்கும் நிலை இருக்கக் கூடாது. அதே நேரம், வெள்ளிக்கிழமை மதியம் கடையைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் அவர்கள் கேட்கிற ஒரு நேரத்தை விட்டுக்கொடுங்கள். பத்திரகாளி அம்மன் கோவிலுக்குப் போக வேண்டுமென்று வெள்ளி மாலை கேட்பவர்கள் இருப்பார்கள்.

ஆள் எடுப்பதில் எனக்கு மிக உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. வெற்றிடம் இருப்பது யாருக்குத் தெரிகிறது என்பதிலேயே பாதி முடிந்துவிடுகிறது. கடைக்குள் இருக்கும் பிள்ளையிடம் "யாராவது இருந்தால் கூட்டிட்டு வா" என்று சொன்னால் தன் ஊரிலிருந்து, தன் தெருவிலிருந்துதான் கூட்டி வரும். ஆகவே வாசலில் மூன்று மொழியிலும் ஒட்டுங்கள், கிண்ணியாவிலும் கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் பிரதேச செயலகத்து அறிவிப்புப் பலகையில் போடக் கேளுங்கள். "25 வயதுக்குட்பட்ட, அழகிய தோற்றமுள்ள, திருமணமாகாத பெண்கள்" என்ற வரியை அடியோடு எடுங்கள். வேலைக்கு என்ன தெரிய வேண்டுமோ அதை எழுதுங்கள். நேர்முகத்தில் எல்லாரிடமும் அதே கேள்விகள், அதே ஒழுங்கில், இரண்டு பேர் தனித்தனியே புள்ளி போட்டுப் பிறகு ஒப்பிட வேண்டும். ஆட்தெரிவு பற்றிய ஆய்வுகள் பல காலமாக ஒத்துச் சொல்வது இது: கேள்விகளை முன்கூட்டியே வகுத்த நேர்முகம், வாய்க்கு வந்தபடி பேசிப் பார்ப்பதைவிட ஆளைச் சரியாகக் கணிக்கிறது. முடிந்தால் நேர்முகத்தோடு ஒரு சிறு செயல்முறையும் வையுங்கள். ஒரு சேட்டை மடிக்கச் சொல்லுங்கள், ஒரு பில்லைக் கூட்டச் சொல்லுங்கள், கோபமாக வந்த வாடிக்கையாளராக நீங்கள் நடித்துப் பாருங்கள்.

பெயரை மறைத்து விண்ணப்பங்களைப் பார்க்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. பெயர் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் 2004இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே மாதிரித் தகைமையுள்ள விண்ணப்பங்களில் வெள்ளையர் பெயர் போட்டவற்றுக்குக் கறுப்பினத்தவர் பெயர் போட்டவற்றைவிட ஏறக்குறைய 50 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது. ஆனால் எங்கள் ஊரில் பெயரை மறைத்தால் போதுமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். பாடசாலையின் பெயரைப் பார்த்தாலே சமூகம் தெரியும், முகவரியைப் பார்த்தாலே மற்றதும் தெரியும். அந்த மற்றது சாதி. நேர்முகத்தில் "நீங்கள் எந்த இடம், ஆற்ற பிள்ளை (யாருடைய பிள்ளை)" என்று அன்பாகக் கேட்பதுபோல் கேட்கிறோமே, அதில் அதுவும் இருக்கிறது. கடையில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதால் இதைக் கண்டுபிடிப்பது மற்ற எல்லாவற்றையும்விடக் கடினம். கழிவறை கழுவுவது, குப்பை எடுப்பது எப்போதும் ஒரே ஆளிடம் போகிறதா, தேத்தண்ணிக் கோப்பையில் யாருக்காவது தனிக் கோப்பை இருக்கிறதா, மதியச் சாப்பாட்டுக்கு யார் யாரோடு உட்காராமல் எழுந்து போகிறார் என்று பாருங்கள். துப்புரவை முறை வைத்து எல்லாரும் செய்வது, அதில் மேலாளரின் பெயரும் இருப்பது, இதைவிடச் சிறந்த மருந்தை நான் காணவில்லை.

பெண் ஊழியர்கள் பற்றி. "கல்யாணம் எப்ப, பிள்ளை எப்ப" என்ற கேள்வி நேர்முகத்தில் வேண்டாம். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் 2018இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, எத்தனையாவது பிள்ளையாக இருந்தாலும் 84 நாள் சம்பளத்துடன் பிரசவ விடுமுறை உண்டு, கர்ப்பமானதற்காக வேலையிலிருந்து நிறுத்தவும் முடியாது. இந்தச் செலவு முழுவதும் முதலாளியின் தலையில் விழுவதால்தான் புதிதாகக் கல்யாணமான பெண்ணை எடுக்கத் தயங்குகிறார்கள். தயக்கத்தின் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் நல்ல விற்பனையாளர் ஒருவர் உங்கள் வாடிக்கையாளரையும் கூட்டிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனால் வரும் நட்டம் அந்த 84 நாளைவிடப் பெரிது என்று முதலாளிக்குக் கணக்குக் காட்டலாம். பாலியல் தொல்லைக்கு, அது வார்த்தையாக இருந்தாலும், தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவில் 5 வருடம் வரை சிறை உண்டு. வேலைத்தளத்தில் அதிகாரத்தில் இருப்பவர் செய்வதையும் அது பிடிக்கும். தொல்லை கொடுப்பவர் பெரும்பாலும் வாடிக்கையாளராகவோ சாமான் கொண்டு வருபவராகவோ இருப்பார், அப்போது "கண்டுகொள்ளாமல் விடு பிள்ளை" என்று சொல்லாமல் அந்த ஆளை வெளியே அனுப்பும் தைரியம் மேலாளருக்கு வேண்டும். முறையிட ஒருவர் போதாது. இரண்டு பேரை நியமியுங்கள், ஒருவராவது பெண், இருவரும் ஒரே சமூகத்தவராக இருக்கக் கூடாது, இருவரில் ஒருவர்கூட முதலாளியின் உறவாக இருக்கக் கூடாது.

அப்புறம் உட்காருவது. காலை முதல் இரவு வரை நின்றே வேலை செய்யும் பிள்ளைகளின் கால் வீக்கத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கேரளத்தில் 2018இலும் தமிழ்நாட்டில் 2021இலும் கடை ஊழியருக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டத்தையே திருத்தினார்கள். நாங்களும் கவுண்டருக்குப் பின்னால் நாலு ஸ்டூல் போடலாம். அந்த ஸ்டூல் கர்ப்பிணிக்கும் உதவும், வயதானவருக்கும் உதவும், போரில் கால் இழந்த ஒருவரைக் கேஷில் அமர்த்தவும் உதவும். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறன் காரணமாக எந்த வேலைக்கும் ஆட்சேர்ப்பில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. அது அரச அலுவலகத்துக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, உங்கள் கடைக்கும்தான்.

உடையில் சுருக்கமாக ஒன்று சொல்கிறேன். 2018இல் எங்கள் நகரத்துப் பாடசாலை ஒன்றில் ஆசிரியைகளின் அபாயாவை வைத்து எழுந்த பிரச்சினையும், 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பிறகு முஸ்லிம் பிள்ளைகள் வேலைக்கு வரவே பயந்ததும் இங்கே எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்தக் காயத்தைக் கடைக்குள் கிளறாமல் இருக்க வழி இருக்கிறது. சீருடையின் நிறத்தைக் கடை தீர்மானிக்கட்டும், வெட்டை ஊழியர் தீர்மானிக்கட்டும். அதே துணியில் நீளக் கை, அரைக் கை, தலைக்கு அதே நிறத்தில் ஹிஜாப், பொட்டும் திருநீறும் சிலுவையும் அவரவர் விருப்பம். துணிச் செலவு கடையினுடையது. ஸ்டோர் ஏணியில் ஏறும்போது கால் தடுக்காத உடை என்ற பாதுகாப்பு விதி மட்டும் எல்லாருக்கும் பொது.

சட்டம் முழுமையாக என்ன சொல்கிறது என்பதில் ஒரு தெளிவு வேண்டும். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் ஆகிய காரணங்களால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. கடைகளுக்குள் நுழைவதில் இனம், மதம், மொழி, சாதி, பால் பார்த்துத் தடை போடக் கூடாது என்று அதே உறுப்புரை கடைகளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஒரு பகுதி வாடிக்கையாளரின் பின்னால் மட்டும் காவலாளியை நடக்க விடுகிற கடைகள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஆனால் அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போடுவது அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராகத்தான். தனியார் கடை முதலாளிக்கு எதிராக அந்த வழி நேரடியாகத் திறக்காது. வேலையில் பாகுபாடு பற்றிய சர்வதேச தொழில் அமைப்பின் 111ஆம் சமவாயத்தை இலங்கை 1998இல் ஏற்றது. இருந்தும் தனியார் துறையின் எல்லா வகைப் பாகுபாட்டையும் ஒரே இடத்தில் தடுக்கும் தனிச் சட்டம் இங்கே இல்லை. வேலையிலிருந்து நியாயமில்லாமல் நிறுத்தப்பட்டவர் 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம். வேலைக்கே எடுக்கப்படாதவருக்கு அந்த வழியும் இல்லை. இதனால்தான் நீங்கள் எழுதப்போகும் கடை விதிக்குப் பெறுமதி அதிகம். சட்டம் விட்ட இடைவெளியை நிரப்புவது அது ஒன்றுதான்.

ஒவ்வொரு சமூகத்துக்கும் இத்தனை பேர் என்று ஒதுக்கீடு வைக்கலாமா என்பது எனக்கு இன்னும் தீராத கேள்வி. வைத்த கடையும் பார்த்திருக்கிறேன். எண்ணிக்கை சரியானது, ஆனால் ஒவ்வொரு ஆளையும் "ஒதுக்கீட்டில் வந்தவர்" என்று மற்றவர் பார்க்கத் தொடங்கினார்கள். வைக்காத கடையில் வருடங்கள் போயும் எதுவும் மாறாததையும் பார்த்திருக்கிறேன். இப்போதைக்கு என் எண்ணம், விண்ணப்பிப்பவர்கள் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறார்களா என்பதில் பிடிவாதமாக இருந்து, தெரிவில் தகுதியை மட்டும் பார்ப்பது. பயிற்சிப் பட்டறை பற்றி எனக்கு நம்பிக்கை குறைவு. பிராங்க் டொபின், அலெக்சாண்ட்ரா காலெவ் என்ற சமூகவியலாளர்கள் அமெரிக்க நிறுவனங்களின் பல வருடத் தரவுகளைப் பார்த்து, கட்டாயப் பன்முகத்தன்மைப் பயிற்சியால் மேலாளர் மட்டத்தில் பெரிய மாற்றம் வரவில்லை என்றும், மூத்தவர் ஒருவர் இளையவரைக் கைபிடித்துப் பழக்கும் ஏற்பாடும் இன்னார் பொறுப்பு என்று ஒப்படைப்பதும் பலன் தந்தன என்றும் கண்டார்கள். அது அமெரிக்க அனுபவம், பெரிய நிறுவனங்கள். ஆனாலும் நான் இங்கே கண்டதோடு ஒத்துப் போகிறது.

இனி அந்தக் கடைசி இரண்டு வரி. தன் ஆட்களுக்குக் கொடுக்கிறார் என்ற பேச்சை நல்ல மனதால் மட்டும் நிறுத்த முடியாது. காரணம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். அடுத்த மேற்பார்வையாளர் பதவிக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், எத்தனை மாதச் சேவை, யார் புள்ளி போடுவார்கள் என்று வெற்றிடம் வருவதற்கு முன்பே மூன்று மொழியில் ஒட்டிவிடுங்கள். கிடைக்காதவரைத் தனியே கூப்பிட்டு எதில் குறைந்தார், அதைப் பழக அட்டவணையில் என்ன இடம் கொடுக்கப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். அந்தப் பேச்சைத் தவிர்த்தால்தான் ஆட்கள் தாமாகவே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்வார்கள்.

மைத்துனர் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். குடும்பக் கடையில் உறவுக்காரர் இருப்பதை யாரும் ஆட்சேபிப்பதில்லை, விதி அவருக்குப் பொருந்தாது என்பதைத்தான் ஆட்சேபிப்பார்கள். அவரை எதிரியாக்காமல், ஸ்டோர் ஓவர்டைமைப் பங்கிடும் அதிகாரத்தை மட்டும் முதலில் பொது அட்டவணைக்குள் கொண்டு வாருங்கள். அவரிடமே போய், "அண்ணா, ஸ்டோர் வேலையை எல்லாரும் மாறி மாறிப் பழகினா நீங்க ஒருநாள் லீவு போடவும் வசதி" என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். மறுத்தால் முதலாளியிடம் போகும்போது முறைப்பாட்டைக் கொண்டு போக வேண்டாம். அந்த மூன்று மாத அட்டவணையையும், ஸ்டோர் ஓவர்டைம் யார் யாருக்குப் போனது என்ற உங்கள் எண்ணிக்கையையும் கொண்டு போங்கள். விதி மைத்துனருக்கும் சேர்த்தா, இல்லையா என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலை அந்தத் திட்டத்தின் முதல் பந்தியிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.